பின்வரிசைக்காரர் கூட்டிய கச்சேரி



போன வாரம் முழுக்க காலை நடை முடிந்து வந்ததும் ஒரே ஆல்பத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். 'ஹோம்: ஒன் ஸ்பெஷல் நைட் அட் தி கிம்மல் சென்டர்' என்பது அதன் பெயர். 2015-இல் வந்தது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்துக்காரரான ஜெஃப் பிராட்ஷா என்ற டிராம்போன் கலைஞர், தன் சொந்த ஊரில் நடத்திய கச்சேரியின் நேரடி ஒலிப்பதிவு. சோல், ஜாஸ் இரண்டும் கலந்த இசை. ராபர்ட் கிளாஸ்பர், ட்வீட், கிம் பரெல், மார்ஷா ஆம்ப்ரோசியஸ், எரிக் ராபர்சன், டிராம்போன் ஷார்ட்டி, பிளாக் தாட் என்று அந்த உலகத்தின் பெரிய ஆட்கள் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து போகிறார்கள்.

இதில் என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். நட்சத்திரக் கச்சேரி நமக்குப் புதிதா? இல்லைதான். ஆனால் இதைக் கூட்டியவர் ஒரு பாடகர் இல்லை. பாடகருக்குப் பின்னால் நின்று ஊதுகிறவர். அதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வாத்தியம். கல்யாண ஊர்வலத்துக்கு வரும் பேண்டு பார்ட்டியில், ஒருவர் நீளமான பித்தளைக் குழாயை முன்னும் பின்னும் இழுத்து இழுத்து ஊதுவாரே, அதுதான் டிராம்போன். சின்ன வயதில் அவர் முன்னால் போய் நின்றால் குழாய் மூக்கில் இடிக்கும் என்று பெரியவர்கள் இழுத்துப் பிடிப்பார்கள். சுருட்டியிருக்கும் அந்தக் குழாயை நிமிர்த்தினால் சுமார் 9 அடி நீளம் வரும். டிரம்பெட்டில் அழுத்துவதற்கு மூன்று பொத்தான்கள் உண்டு. சாதாரண டிராம்போனில் அதுவும் கிடையாது. இழுக்கும் தூரத்தில் ஏழு நிலைகள் இருக்கின்றன. ஆனால் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதற்குக் குழாயில் அடையாளக் கோடு எதுவும் இல்லை. காதுதான் கணக்கு. அரை விரல் தள்ளிப் போனாலும் சுருதி போய்விடும்.

இந்தக் கஷ்டத்திலேயே அதன் அழகும் இருக்கிறது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் படி ஏறாமல் வழுக்கிக்கொண்டே போகலாம். நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு இது உடனே பிடிபடும். மூச்சும் உதடும் சேர்ந்து சுரத்தை வளைக்கிற அந்த வேலை நமக்குத் தெரிந்ததுதானே. ஆணின் குரல் எந்த உயரத்தில் ஒலிக்குமோ அதற்குப் பக்கத்தில்தான் டிராம்போனும் ஒலிக்கும். அதனால் அது பாடுவது போலவே கேட்கும்.

இருந்தும் அதற்குக் கிடைத்த இடம் என்னவோ பின்வரிசைதான். பீத்தோவன் 1808-இல் அரங்கேற்றிய ஐந்தாம் சிம்பொனியில் டிராம்போன்காரர்கள் மூன்று பகுதிகள் முடியும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார்கள். நான்காவது பகுதியில்தான் அவர்களுக்கு வேலை. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஜாஸ் பிறந்த காலத்தில் வாத்தியக்காரர்கள் வண்டியில் ஏறி ஊர்வலம் போவார்கள். டிராம்போன்காரரை மட்டும் வண்டியின் பின்பக்க விளிம்பில் உட்கார வைப்பார்கள். இல்லாவிட்டால் இழுக்கிற குழாய் அடுத்தவர் முதுகில் இடிக்கும். அந்த வாசிப்பு முறைக்கே வண்டியின் பின்பலகையை வைத்துத்தான் பெயர் வந்தது.

ஓர் இடத்தில் டிராம்போன் முன்வரிசைக்கு வந்தது. கறுப்பின மக்களின் 'யுனைடெட் ஹவுஸ் ஆஃப் பிரேயர்' என்ற சபையில். சார்லஸ் கிரேஸ் என்ற போதகர் தொடங்கிய சபை அது. அங்கே பல டிராம்போன்கள் ஒன்றாகச் சேர்ந்து பாடகர் குழு போலவே ஊதும். ஒருவர் முன்னால் 'பாட', மற்றவர்கள் பதில் சொல்வார்கள். கூட்டம் எழுந்து கைதட்டி ஆடும். பிராட்ஷாவும் சர்ச்சில் வாசித்து வளர்ந்தவர்தான். இந்த ஆல்பத்தில் அவர் ஊதும்போது சபையார் பதில் குரல் கொடுப்பது போல அரங்கம் பதில் சொல்வதைக் கேட்கலாம். ஸ்டுடியோவில் நான்கு சுவருக்குள் வாசித்திருந்தால் இது கிடைத்திருக்காது.

இனி மனிதருக்கு வருவோம். 2000-இல் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஜில் ஸ்காட் என்ற பாடகி பெரிய பெயரோடு வெளியே வந்தார். அவருடைய குழுவில் டிராம்போன் வாசித்தவர் பிராட்ஷா. 2001-இல் வந்த ஜில் ஸ்காட்டின் நேரடிக் கச்சேரி ஆல்பத்திலும் இவர் வாசிப்பு உண்டு. 2003-இல் 'போன் டீப்' என்று தன் பெயரில் முதல் ஆல்பம் போட்டார். பிறகும் பக்கவாத்தியம்தான் பிழைப்பு. இன்னொருவர் பாட, இவர் இடம் பார்த்து ஊதுவார்.

அப்படிப்பட்டவர் இந்தக் கச்சேரிக்கு என்ன செய்தார்? யார் யார் பின்னால் அவரைப் போன்றவர்கள் நிற்பார்களோ, அவர்களையெல்லாம் தன் மேடைக்குக் கூப்பிட்டார். வந்தார்கள். கிளாஸ்பர் அப்போது சாதாரண ஆள் இல்லை. 'பிளாக் ரேடியோ' ஆல்பத்துக்காக 2013-இல் கிராமி விருது வாங்கியவர். மார்ஷா ஆம்ப்ரோசியஸ் இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்து, ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்து பெயர் எடுத்தவர். பிளாக் தாட் அந்த ஊர்ப் பிள்ளை. டிராம்போன் ஷார்ட்டி நியூ ஆர்லியன்ஸின் பழைய டிரெமே பகுதியில், ஊர்வலங்களுக்கு நடுவே வளர்ந்தவர்.

எங்கள் பள்ளியில் நடந்த ஒன்று இங்கே ஞாபகம் வருகிறது. ஒரு வருடம் ஆண்டு விழா அழைப்பிதழில் எல்லார் பெயரும் இருந்தது. தலைமை தாங்குபவர், முன்னிலை, வாழ்த்துரை வழங்குவோர், பாடிய பிள்ளைகள், ஆடிய பிள்ளைகள் எல்லாரும். இரண்டு மாதம் தினமும் பள்ளி விட்டபின் ஆர்மோனியப் பெட்டியோடு உட்கார்ந்து அந்தப் பிள்ளைகளைத் தயார் செய்த பாட்டு வாத்தியார் பெயர் மட்டும் இல்லை. இடம் போதவில்லை என்று அச்சடித்தவர்கள் பக்கமிருந்து பதில் வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. விழா அன்று வழக்கம்போல மேடை ஓரத்தில், திரைக்குப் பாதி உள்ளே, பாதி வெளியே உட்கார்ந்து வாசித்துக் கொடுத்துவிட்டுப் பெட்டியை மூடினார். அவரை ஒருமுறை நடு மேடையில் உட்கார வைத்து, அவரிடம் படித்துப் பெயர் வாங்கிய பிள்ளைகளையெல்லாம் வரிசையாக வந்து பாடச் சொன்னால் எப்படி இருக்கும்? பிராட்ஷாவின் ஆல்பத்தைக் கேட்டபோது அப்படித்தான் இருந்தது எனக்கு.

ஃபிலடெல்ஃபியாவுக்கு இந்த விஷயத்தில் ஒரு மரபு உண்டு. 1970-களில் கேம்பிள், ஹஃப் என்ற இருவர் அங்கே ஒரு இசை நிறுவனம் நடத்தினார்கள். சிக்மா சவுண்ட் என்ற ஸ்டுடியோவில் பாட்டுப் பாட்டாக ஒலிப்பதிவு நடக்கும். பாடகர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பின்னால் வாசிக்கும் 30-க்கும் மேற்பட்டோர் மாறமாட்டார்கள். ஒரு கட்டத்தில் அந்த வாத்தியக்காரர்களையே ஒரு குழுவாக்கி, எம்.எஃப்.எஸ்.பி. என்று பெயர் வைத்து இசைத்தட்டு போட்டார்கள். அதில் ஒன்று 1974-இல் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தது. அதே காலத்தில் ஜேம்ஸ் பிரவுனின் குழுவை நடத்திய ஃபிரெட் வெஸ்லியும் டிராம்போன்காரர். பாட்டின் நடுவே வாத்தியக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வது பிரவுனின் வழக்கம். அந்த ஒரு விளிப்பாலேயே எத்தனையோ பேர் பெயர் இசைத்தட்டில் நிலைத்துவிட்டது.

நம் கச்சேரியிலும் தனி ஆவர்த்தனம் இருக்கிறது, மறுக்கவில்லை. அது தொடங்கியதும் கேண்டீன் பக்கம் நடக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

கச்சேரி நடந்த இடமும் முக்கியம். கிம்மல் சென்டர் 2001 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஃபிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ரா என்ற உலகப் புகழ் பெற்ற சிம்பொனிக் குழுவுக்கு அதுதான் இருப்பிடம். இந்த ஊரில் 1897-இல் பிறந்தவர் மேரியன் ஆண்டர்சன் என்ற பாடகி. இளம் வயதில் அவர் சேரப் போன நகரத்து இசைப் பள்ளி ஒன்று, கறுப்பினப் பெண் என்பதால் அவரைத் திருப்பி அனுப்பியது. 1939-இல் வாஷிங்டனின் பெரிய அரங்கம் ஒன்றும் அதே காரணத்துக்காகக் கதவைச் சாத்தியது. அவர் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று பாடினார். சுமார் 75,000 பேர் திறந்த வெளியில் நின்று கேட்டார்கள். 2024-இல் கிம்மல் சென்டரின் பெரிய அரங்கத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அந்தக் கட்டடத்தில் நடந்த கச்சேரிக்கு ஒரு கறுப்பினக் கலைஞர் 'ஹோம்', அதாவது 'வீடு' என்று பெயர் வைத்திருக்கிறார். 32 வருடம் வரலாறு நடத்தியவன் என்பதால், அந்த ஒரு சொல்லை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆசிரியராக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிளாக் தாட் படித்தது ஃபிலடெல்ஃபியாவின் அரசுக் கலைப் பள்ளியில். தன்னோடு 'தி ரூட்ஸ்' குழுவைத் தொடங்கிய டிரம்ஸ்காரர் குவெஸ்ட்லவ்வை அவர் சந்தித்தது அந்தப் பள்ளியில்தான். கையில் காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு டிராம்போன் எங்கே கிடைக்கும்? ஒன்று சர்ச், இல்லாவிட்டால் பள்ளிக்கூடம். இந்த ஆல்பம் வருவதற்கு இரண்டு வருடம் முன்பு, 2013-இல், பணப் பற்றாக்குறை என்று அந்த நகரத்தில் 20-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளை மூடினார்கள். 3,000-க்கும் மேற்பட்ட பள்ளிப் பணியாளர்களுக்கு வேலை நீக்க நோட்டீஸ் போனது. சிலரைப் பிறகு திரும்பக் கூப்பிட்டார்கள். ஆனாலும் நிதி குறையும்போது முதலில் யார் தலை உருளும் என்று நமக்கும் தெரியும். பாட்டு வாத்தியார், ஓவிய வாத்தியார், நூலகர்.

இந்த ஆல்பத்தைக் கேட்டு மகிழ்கிறபோதே எனக்கு உறுத்தியது இதுதான். மேடையில் இத்தனை பேர் நிற்கிறார்களே, இவர்களுக்குப் பிறகு வரப்போகிற பத்து வயதுப் பையன் கையில் யார் அந்தக் குழாயைக் கொடுப்பார்கள்?

ஆல்பத்தில் குறை இல்லையா என்றால், ஒன்று சொல்வார்கள். விருந்தினர் கூட்டம் அதிகம், வீட்டுக்காரர் சத்தம் குறைவு என்று. உண்மைதான். பாடகர் வந்துவிட்டால் டிராம்போன் குரலுக்குக் கீழே இறங்கிக்கொள்கிறது. தன் பெயரில் நடக்கும் கச்சேரியிலும் அவருக்கு வழிவிடத் தோன்றுகிறது. எனக்கு அது குறையாகப் படவில்லை. இருபது வருடப் பழக்கம் ஒரே ராத்திரியில் போய்விடுமா? பாடகர் மூச்சு எடுக்கிற இடைவெளியில் இரண்டு சுரம் ஊதி, அடுத்த வரிக்கு அவரைக் கைபிடித்துக் கொண்டுபோய் விடுகிறார். அந்த இரண்டு சுரத்துக்குப் பின்னால் எத்தனை வருடக் கவனிப்பு இருக்கிறது என்பது ஊன்றிக் கேட்டால் தெரியும்.

கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. முதல் தடவை பாட்டாகக் கேளுங்கள். இரண்டாம் தடவை பாடுகிறவரை விட்டுவிட்டு, பின்னால் போகும் டிராம்போனை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது. பிறகு யார் யார் வாசித்தார்கள் என்ற பட்டியலைக் கடைசிப் பெயர்வரை படியுங்கள்.

உங்கள் ஊரில், உங்கள் பள்ளியில், அழைப்பிதழில் பெயர் வராமலே எல்லாருக்கும் வாசித்துக் கொடுத்த ஒருவர் இருந்திருப்பார். இருந்தால், அவர் என்ன வாசித்தார், எப்படி வாசித்தார் என்று கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.