ரைன் நதிக்கரையில் ஒரு பங்காளிச் சண்டை

எங்கள் சிறுபராயத்தில் காய்ச்சல் என்று படுத்தால் அம்மா செய்யும் முதற் காரியம், அலுமாரியைத் திறந்து ஓடிக்கொலோன் போத்தலை எடுப்பதுதான். தண்ணீரில் சில துளிகளை விட்டு, பழைய வேட்டித் துண்டொன்றை அதில் நனைத்து நெற்றியில் போடுவார். அந்தப் பெயருக்குள் ஒரு நகரம் ஒளிந்திருக்கிறது என்பதை நான் அறிந்துகொண்டது பல்கலைக்கழகத்துக்கு வந்த பின்னரே. 'கொலோன் நகரத்துத் தண்ணீர்' என்பதுதான் அதன் பொருள். 1709ஆம் ஆண்டு அந்த ஜேர்மன் நகரில் வணிகத்தைத் தொடங்கிய பரினா குடும்பத்தினர் இத்தாலியர். அவர்களது வாசனைத் திரவியத்துக்கு வாய்த்த பெயரோ பிரெஞ்சு. அது எப்படியோ கடல்கள் கடந்து யாழ்ப்பாணத்து அலுமாரிகளுக்குள்ளும் வந்து சேர்ந்துவிட்டது.

2018ஆம் ஆண்டு அந்நகரை நேரிற் காணும் வாய்ப்புக் கிடைத்தது. என் தங்கை குடும்பத்தினர் கொலோனுக்கும் டுசெல்டோர்ப்புக்கும் இடையில் உள்ள லெவர்குசனில் வாழ்கின்றனர். மருமகன் டுசெல்டோர்ப்பில் வேலை பார்க்கிறான். மருமகள் கொலோனில் படித்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே வீட்டிற் பிறந்து வளர்ந்தவர்கள்; ஆனால் இந்த இரு நகரங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், வீடு இரண்டுபடும்.

"மாமா, கொலோன்ல அந்தக் கோயிலைத் தவிர வேற என்ன இருக்கு?" என்பான் அவன்.

"டுசெல்டோர்ப்பில சாமான் வாங்கலாம் மாமா, சரித்திரம் வாங்கேலாது" என்பாள் அவள்.

இது அவர்கள் இருவருக்கும் மட்டும் உரிய சண்டையன்று என்பதை வெகுவிரைவில் விளங்கிக்கொண்டேன். ரைன் நதிக்கரையில் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் இடைவெளியில், புகையிரதத்தில் அரை மணி நேரப் பயணத் தூரத்தில் அமைந்தவை இவ்விரு நகரங்களும். கொலோன் மூத்தது, பெரியது. கி.பி. 50இல் உரோமர் அதற்குக் குடியேற்ற நகர் என்ற தகுதியை வழங்கினர். குடியேற்றம் என்னும் பொருள் கொண்ட 'கொலோனியா' என்ற இலத்தீன் சொல்லே அதன் பெயராக நிலைத்தது. இன்று பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் அங்கு வாழ்கின்றனர். டுசெல்டோர்ப் என்பதற்கோ 'டுசெல் ஆற்றங்கரைக் கிராமம்' என்றுதான் பொருள். மூத்தவர் இருக்க இளையவருக்கு முடிசூட்டியது போல, 1946இல் பிரித்தானிய ஆட்சியாளர்கள் நோர்த்ரைன் வெஸ்ட்பாலியா மாநிலத்தை உருவாக்கியபோது டுசெல்டோர்ப்பையே தலைநகராக்கினர். கொலோன்வாசிகளுக்கு அந்த மனத்தாங்கல் இன்னும் தீர்ந்தபாடில்லை.

முதலில் கொலோனுக்குச் சென்றோம். புகையிரத நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பேராலயம் கண்முன்னே நிற்கிறது. கழுத்தைப் பின்னே சாய்த்துப் பார்த்தாலும் உச்சி எளிதில் அகப்படுவதில்லை. 157 மீற்றர் உயரம். 1248இல் தொடங்கிய கட்டட வேலை பதினாறாம் நூற்றாண்டில் நின்றுபோனது. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் முற்றுப்பெறாத கோபுரத்தின் மீது ஒரு பழைய பாரந்தூக்கி மட்டும் நின்றுகொண்டிருந்ததாம். 1842இல் மீண்டும் தொடங்கி 1880இல் முடித்தனர். அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு வேலையை முடிக்காமலும் கைவிடாமலும் வைத்திருந்த ஊர் அது. இரண்டாம் உலகப்போரில் குண்டுகள் விழுந்தும் பேராலயம் நின்றது. சுற்றியிருந்த பழைய நகரம் பெரும்பாலும் தரைமட்டமானது. 1942 மே மாத இறுதியில் ஒரே இரவில் ஏறத்தாழ ஆயிரம் விமானங்கள் அந்நகரைத் தாக்கின. இன்று நாம் 'பழைய நகரம்' என்று பார்த்து வியக்கும் வீடுகளிற் பல போருக்குப் பின் எழுந்தவையே.

டுசெல்டோர்ப்பும் அதே போரில் அதேபோல எரிந்த நகரம்தான். ஆனால் அது அழிவிலிருந்து வேறொரு முகத்தோடு எழுந்தது. அகன்ற வீதிகள், விலையுயர்ந்த கடைகள், நதிக்கரையில் உலாவும் பாதை என்று பார்வைக்குச் செல்வச் செழிப்புள்ள ஊர். மருமகள் சொன்னதைக் கேட்டு அலட்சியமாகவே சென்ற நான், அங்குள்ள மாநில ஓவியக் கூடத்தில் பவுல் கிளேயின் ஓவியங்களுக்கு முன்னால் நீண்ட நேரம் நின்றுவிட்டேன். கிளே 1931 முதல் அந்நகரின் கலைக் கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். 1960இல் மாநில அரசு அவரது 88 படைப்புகளை ஒருசேர விலைக்கு வாங்கியது. அதிலிருந்து உருவானதுதான் அந்த ஓவியக் கூடம். துரத்தியவரின் ஓவியங்களைப் பின்னர் பணம் கொடுத்துத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். மனிதரை அவ்வாறு அழைக்க முடியவில்லை. அவர் 1940இலேயே இறந்துபோனார்.

கவிஞர் ஹைன்றிஷ் ஹைனேயும் டுசெல்டோர்ப்பிற் பிறந்தவரே. 1797இல் அவர் பிறந்த வீதி இன்று மதுச்சாலைகளால் நிறைந்திருக்கிறது. அந்நகரின் பல்கலைக்கழகத்துக்கு அவருடைய பெயரைச் சூட்டுவதா வேண்டாமா என்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சண்டையிட்டு, 1988இல்தான் சூட்டினர். சொந்தப் புதல்வரை ஏற்றுக்கொள்ள ஊர்கள் எடுக்கும் காலம் எங்கும் ஒன்றுதான் போலும்.

அண்ணனும் தங்கையும் தத்தம் ஊரின் பெருமைகளை அடுக்கிக்கொண்டே போக, எனக்குப் பத்திரிகைக்காரனின் பழக்கதோஷம் தலைதூக்கியது. இருவர் கூறுவதையும் குறித்துக்கொண்டு, பின்னர் ஏடுகளைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் அது. புரட்டிப் பார்த்தபோது வேடிக்கையான சில உண்மைகள் கிடைத்தன.

கொலோன் பேராலயத்தின் புகழ்பாடும் இசைகளில் முதன்மையானது ரொபர்ட் ஷூமானின் மூன்றாவது சிம்பொனி. அதன் நான்காம் பகுதி அந்தப் பேராலயத்தின் கம்பீரத்திலிருந்து பிறந்தது என்பர். ஆனால் ஷூமான் அதை 1850இல் எழுதியது டுசெல்டோர்ப்பில் இசை நெறியாளராக இருந்தபோது. அடுத்த ஆண்டு முதன்முதலில் அரங்கேறியதும் அங்கேதான். அந்தப் பேராலயம் ஒருபோதும் முற்றுப்பெறாது என்று 1844இல் எள்ளிநகையாடிய ஹைனேயோ, அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர் அதைக் கட்டி முடிக்க உதவும் பாரிஸ் சங்கத்தில் உப தலைவராக இருந்தவர். பேராலயத்தின் தென்புறத்தில் 2007இல் பொருத்தப்பட்ட பெரிய வண்ணக் கண்ணாடிச் சாளரம் கெர்ஹார்ட் ரிக்டரின் படைப்பு. 72 நிறங்களில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட சதுரங்கள் அதில் உள்ளன. ரிக்டர் டுசெல்டோர்ப் கலைக் கழகத்தில் பயின்று, அங்கேயே பேராசிரியராகி, பின்னர் கொலோனிற் குடியேறியவர். ஒரு நகரம் கட்டியது; மற்றது பாடியது, பழித்தது, நிறமும் கொடுத்தது.

இனிச் சாப்பாட்டுக்கு வருவோம்.

கொலோனில் ஒரு பழைய மதுச்சாலையில் 'அரைச் சேவல்' என்ற பெயரைப் பட்டியலிற் கண்டு ஆவலுடன் கேட்டேன். வந்தது கோழியே அன்று. றை மாவிற் செய்த சிறு பாண், அதனுடன் தடித்த பாற்கட்டித் துண்டு, வெங்காயம், கடுகு விழுது. மருமகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அடுத்து 'வானமும் பூமியும்'. மரத்திற் காய்க்கும் அப்பிள் வானம். மண்ணுக்குள் விளையும் உருளைக்கிழங்கு பூமி. இரண்டையும் மசித்து, பன்றியின் இரத்தம் சேர்த்துச் செய்த சொசேஜைப் பொரித்து மேலே வைக்கிறார்கள். பெயர் கவிதை, சுவை எங்கள் நாவுக்குச் சற்றுத் தயக்கம் தருவது. மாட்டிறைச்சியை வினாகிரியிற் பல நாட்கள் ஊறவைத்து, உலர்ந்த முந்திரிகையும் இஞ்சிப் பணியாரத் தூளும் சேர்த்துச் சமைக்கும் புளிப்பு இறைச்சிதான் எனக்கு மிகவும் பிடித்தது. தங்கை வீட்டிற் செய்யும்போது அதில் இரண்டு செத்தல் மிளகாயையும் போட்டுவிடுவாள்.

டுசெல்டோர்ப்பின் பெருமை கடுகு. 1726இல் அங்கு தொடங்கிய கடுகு உற்பத்திச் சாலையே ஜேர்மனியில் முதலாவது என்கின்றனர். இறைச்சித் துண்டின் மேல் கடுகும் வெங்காயமும் பூசிச் சுடும் உணவொன்று அங்கு பெயர்பெற்றது. மூக்கின் உச்சிக்கு ஏறும் அந்த உறைப்பைக் கண்டபோது, தூரதேசத்தில் உறவினர் ஒருவரைச் சந்தித்தது போன்ற நிம்மதி ஏற்பட்டது. அத்துடன் அந்நகரில் ஒரு குட்டி யப்பானும் உண்டு. 1950களில் உருக்கு, கனரக இயந்திர வணிகத்துக்காக வரத்தொடங்கிய யப்பானியர்கள் அங்கேயே வேரூன்றிவிட்டனர். ஜேர்மனியின் மிகப் பெரிய யப்பானியச் சமூகம் அங்குதான் வாழ்கிறது. இம்மர்மன் வீதியில் ஒரு கிண்ணம் சூடான ராமென் உண்டுவிட்டு வெளியே வந்தபோது, சாப்பாட்டில் டுசெல்டோர்ப்புக்கே ஒரு புள்ளி அதிகம் என்று மருமகனுக்கு வாக்களித்துவிட்டேன்.

பியரைப் பற்றிக் கூறாவிட்டால் இந்தக் கட்டுரை நிறைவுறாது. கொலோனில் 'கொல்ஷ்' என்ற வெளிர்மஞ்சள் பியர்; ஒடுங்கிய நெடுங்குவளையில் வரும். டுசெல்டோர்ப்பில் 'அல்ற்' என்ற செம்பழுப்பு பியர். குவளை சற்றுக் குட்டை, சற்று அகலம். ஒன்றின் ஊரில் மற்றதைக் கேட்பது கேலிக்கு ஆளாகும் வழி. ஆனால் இரண்டும் மேல்நொதிப்பு என்னும் ஒரே பழைய முறையிற் செய்யப்படுபவை. இரு ஊர்களிலும் பரிசாரகருக்கு 'கோபஸ்' என்ற ஒரே பெயர்தான். அவர் காட்டும் கடுகடுப்பும் ஒன்றே. குவளை வெறுமையானால் கேளாமலே அடுத்ததைக் கொண்டுவந்து வைப்பார். போதும் என்றால் அட்டையைக் குவளையின் மேல் வைத்து மூடிவிட வேண்டும். இந்தச் சட்டம் இரண்டு ஊர்களுக்கும் பொது.

களியாட்ட விழாவிலும் இதே கதை. கொலோனில் 'அலாப்' என்று கூவ வேண்டும், டுசெல்டோர்ப்பில் 'ஹெலாவ்'. இடம்மாறிக் கூவியவன் தொலைந்தான். நாளும், ஊர்வலமும், கூத்தும் ஒன்றே.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது மருமகன் தனது கடைசி அஸ்திரத்தை எடுத்தான். "1288இல வோரிங்கன் சண்டையில நாங்கள் கொலோனை அடிச்சு வென்றனாங்கள். அதுக்குப் பிறகுதான் எங்களுக்கு நகரம் என்ற பட்டம் கிடைச்சது." மருமகள் வாயடைத்துப் போனாள். அவளும் அவ்வாறே கேட்டு வளர்ந்தவள்.

நான் அதையும் பின்னர் தேடிப் பார்த்தேன். 1288 யூன் 5ஆம் திகதி, இரு நகரங்களுக்கும் இடையிலுள்ள வோரிங்கனில் பெரும்போர் நடந்தது உண்மை. அதே ஆண்டு ஓகஸ்ட் 14இல் பேர்க் நாட்டுப் பிரபு டுசெல்டோர்ப்புக்கு நகர உரிமை வழங்கியதும் உண்மை. ஆனால் அந்தப் போரில் தோற்றது கொலோன் நகரமன்று, கொலோனின் பேராயர். அவருடைய அதிகாரத்தைப் பொறுக்கமாட்டாத கொலோன் குடிமக்கள், பேர்க் பிரபுவின் பக்கம் நின்று தங்கள் பேராயருக்கு எதிராகவே போரிட்டனர். பேராயர் சிறைப்பட்டார், கொலோன் அவருடைய பிடியிலிருந்து விடுபட்டது. பகைமைக்கு ஆதாரமாக இன்று காட்டப்படும் போரில், கொலோன் மக்களும் டுசெல்டோர்ப்பின் பிரபுவும் ஒரே அணியில் நின்று ஒன்றாக வென்றிருக்கிறார்கள்!

இதைச் சொன்னபோது பிள்ளைகள் இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு முழுதாக வரவில்லை. எங்கள் நாட்டிலும் ஒரு பழைய போரின் கதை உண்டு. எல்லாளனும் துட்டகைமுனுவும் பொருதிய கதை. வென்ற துட்டகைமுனு, வீழ்ந்த எல்லாளனுக்கு நினைவுச்சின்னம் எழுப்பி, அவ்விடத்தை மதிக்குமாறு கட்டளையிட்டான் என்று மகாவம்சமே கூறுகிறது. அந்தப் பகுதியை விட்டுவிட்டுப் போரை மாத்திரம் மேடைகளில் முழங்கியவர்களை, என் தொழிற்காலம் முழுவதும் நான் செய்தியாக எழுதியிருக்கிறேன். அம்முழக்கங்களின் விலை என்னவென்று நமக்குத் தெரியும். ரைன் நதிக்கரையிலும் ஒரு பழைய போர் பிழையாகத்தான் நினைவுகூரப்படுகிறது. ஆயினும் அங்கு அந்தப் பிழை பியர்க் குவளையோடு முடிந்துவிடுகிறது. அவர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்பதாலன்று. அவர்கள் எத்தகைய வெறியில் எரிந்து அடங்கினார்கள் என்பதற்கு அந்த இரு நகரங்களின் புதிய 'பழைய வீடுகளே' சாட்சி.

புறப்படும் நாளில் இருவரும் தீர்ப்புக் கேட்டனர். "பார்ப்பதற்குக் கொலோன், சாப்பிடுவதற்கு டுசெல்டோர்ப், வாழ்வதற்கு உங்கள் அம்மாவின் வீடு" என்று கூறித் தப்பித்துக்கொண்டேன். வழுவழுத்த தீர்ப்பு என்று இருவரும் ஒருமித்துக் கண்டித்தார்கள். அவர்கள் ஒருமித்ததை நான் அன்றுதான் முதன்முதலிற் கண்டேன்.

மருமகன் ஒரு சாடி கடுகும், மருமகள் ஒரு போத்தல் ஓடிக்கொலோனும் தந்தார்கள். கடுகு இரண்டு கிழமைக்குள் தீர்ந்துவிட்டது; மீன் பொரியலுக்கு நன்றாகவே பொருந்தியது. ஓடிக்கொலோன் அலுமாரியில் இருக்கிறது.