அப்பத்தாவுக்கு ஏன் தெரியல?

வயசு ஏற ஏற ஆள் முகத்தைப் பார்த்தே மனசைச் சொல்லிடுவாங்கன்னு நம்ம பக்கம் ஒரு நம்பிக்கை. பெரியவங்க கண்ணுக்கு எதுவும் தப்பாதாம். ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றது வேற மாதிரி இருக்குங்க.

நியூசிலாந்துல ஒட்டாகோ பல்கலைக்கழகத்து டெட் ரஃப்மன் குழு, அதுவரை வந்த பல ஆய்வுகளை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்து 2008ல் ஒரு கட்டுரை போட்டாங்க. (பிகாம்காரன் பாஷையில சொன்னா கன்சாலிடேட்டட் கணக்கு!) கோபம், சோகம், பயம் மூணையும் முகத்துல கண்டுபிடிக்கிறதுல சின்ன வயசுக்காரங்களை விட முதியவங்க பின்தங்குறாங்க. சந்தோஷத்துல வித்தியாசம் கம்மி. அருவருப்புல மட்டும் அவங்க யாருக்கும் சளைச்சவங்க இல்ல :-)

மூளையில வயசோட வர்ற மாற்றம் ஒரு காரணமா இருக்கலாம்ங்கிறாங்க. இன்னொண்ணு, பார்வை போற இடம். கண் அசைவை அளந்து பார்த்த ஆய்வுகள்ல, முதியவங்க எதிராளியோட கண்ணைக் குறைவாவும் வாய்ப்பக்கத்தை அதிகமாவும் பார்த்திருக்காங்க. சிரிப்பு வாயிலேயே தெரிஞ்சிடும். பயமும் சோகமும் கண்ணுலயும் புருவத்துலயும்ல இருக்கு!

எங்க வீட்டுல இது வெறும் தியரி இல்ல. அத்தைக்கு சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில வேலை. தீபாவளி முடிஞ்சு ஆலை மூடிக் கிடந்த சமயம் விருதுநகர் வந்தாங்க. கையில காசில்லை, வட்டிக்காரன் தொல்லை வேற. முகமே செத்துப் போயிருந்துச்சு. அப்பத்தா பாட்டுக்கு "பணியாரம் சுடவாடி"ன்னு கேட்டுட்டு இருந்துச்சு. "பெத்தவளுக்கே தெரியலையே, கல்லு மனசு"ன்னு அடுப்படியில அழுதுட்டு அத்தை மறுநாளே பஸ் ஏறிட்டாங்க. ரெண்டு மாசம் பேச்சுவார்த்தை இல்ல.

இந்த ஆய்வுகள் மேல எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு. பெரும்பாலும் அசையாத போட்டோவைக் காட்டித்தான் கேட்கிறாங்க, அதுவும் முன்பின் தெரியாத முகங்கள். "நவராத்திரி" (1964) படத்துல சிவாஜி ஒன்பது வேஷத்துல வருவாரே, அப்பத்தா ஒண்ணுவிடாம சரியாச் சொல்லும். ஆனா அங்க வசனம், இசை, கதை எல்லாம் கூடவே வருதே! முகத்தோட குரலும் சேர்ந்தா முதியவங்களோட தடுமாற்றம் குறையுதுன்னும் ஆய்வு இருக்கு.

இதை அத்தைகிட்ட போன்ல சொன்னேன். "உன் படிப்பும் நீயும்"னு திட்டிட்டு, அடுத்த வாரம் வந்து வாயைத் திறந்து எல்லாத்தையும் சொன்னாங்க. அப்பத்தா சுருக்குப்பையை அவிழ்த்துக்கிட்டே கேட்டுச்சு: "இதை அன்னைக்கே சொல்றதுக்கு என்னடி?"