ஒழுகிய மீன்தொட்டி

கண்ணாடி மீன்தொட்டி ஒழுகத் தொடங்கினால் அதனை எறிந்துவிட்டுப் புதிதொன்று வாங்குவதே இக்கால வழக்கம். கடைக்காரரும் எமக்கு அதனையே கூறினார். ஆயின் எம் கூடத்திலுள்ள தொட்டியை எறிய மனம் ஒருப்படவில்லை. எம் மைந்தன் இக்கல்லூரியிலே உயர்தர வகுப்பிற் பயின்ற காலத்தில், கண்ணாடித் துண்டுகளை வாங்கித் தன் கையாலே ஒட்டியமைத்தது அது. 2014 ஆம் ஆண்டு அவன் கனடா சென்றான். தொட்டியும் அதிலிருந்த கப்பி மீன்களின் சந்ததியும் எம் பொறுப்பாயின.

தொட்டியிலே 35 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் நிற்கும். 60 சென்ரிமீற்றர் நீளமுள்ள முன் கண்ணாடியை அந்நீர் ஏறத்தாழ 37 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசையோடு தள்ளிக்கொண்டிருக்கின்றது. இளைய மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம். தொட்டியின் அகலத்தை இருமடங்காக்கினும் இவ்விசை மாறாது. இதனைத் தீர்மானிப்பது ஆழமும் நீளமுமே. முன்னாளில் இரும்புச் சட்டத்துள்ளே, சுண்ணத் தூளையும் ஆளிவிதையெண்ணெயையும் பிசைந்த மக்கினாற் கண்ணாடியைப் பதிப்பர். நீரின்றிச் சிலகாலம் கிடந்தால் அது வெடித்துவிடும். இன்று அவ்வளவு விசையையும் தாங்குவது சிலிக்கோன் என்னும் மெல்லிய பசைக் கோடே.

ஈரம் தெரியும் இடத்திலேதான் ஓட்டை என்று கொள்ளலாகாது. நீர் கண்ணாடியின் அடிவிளிம்பைப் பற்றி ஓடி வேறொரு மூலையிலே சொட்டும். எம் மேசையின் இடப்புறம் நனைந்தது. பசை விலகியிருந்ததோ வலப்புறப் பின்மூலையில். கண்ணாடிகளுக்கிடையே உள்ள பொருத்து உறுதியாய் இருந்தமையால், உட்பக்கத்து ஓரப் பசையை மாற்றினாற் போதுமெனத் துணிந்தோம். ஆயினும் அம்மூலையை மட்டும் பூசி முடிக்க இயலாது. இறுகிய பழைய சிலிக்கோனிற் புதியது நன்கு ஒட்டாது. ஆதலின் உள்ளோரம் முழுவதையும் வழித்தெடுத்தல் வேண்டும்.

இங்கேதான் இடர் நேர்ந்தது. மைந்தன் பசையை நீவியபோது பதிந்த பெருவிரற் சுவடு அவ்வலப்புற மூலையிலே பத்தாண்டுக்கு மேலாகத் தெளிவாய் நின்றது. “பிள்ளையின் கை அடையாளத்தை வழித்தெறியப் போகிறீர்களோ?” என்றார் எம் துணைவியார். மறுமொழி எமக்கு எளிதில் வரவில்லை. கண்ணாடிகளுக்கிடையே அவன் இட்ட பொருத்து அப்படியே இருக்கும், தொட்டியைத் தாங்குவது அதுவே என்று எடுத்துரைத்தோம். அவர் ஒன்றும் சொல்லாது எழுந்து, மீன்களை வாரிக் கிணற்றடிச் சீமெந்துத் தொட்டியில் விட்டுவந்தார். அதனை உடன்பாடெனக் கொண்டோம்.

சவர அலகினால் வழித்தல் ஒரு முழுப்பகல் வேலை. எம் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுநீர் கண்ணாடியிற் படியவிட்ட வெண்பொருக்கை வினாகிரியாற் கழுவி, உலர்ந்தபின் மதுசாரம் தோய்த்த துணியால் எண்ணெய்ப்பசை அறத் துடைத்தோம். சிலிக்கோன் வாங்குவோர் ஒன்றைக் கவனிப்பாராக: குளியலறைக்கென விற்கும் வகைகள் பலவற்றிற் பூஞ்சணம் பிடியாதிருக்க நஞ்சு கலந்திருக்கும், அது மீனுக்கு ஆகாது. பசையை ஓரமெங்கும் பிதுக்கி, மேலே தோல் படியுமுன், அதாவது பத்து நிமிடத்துக்குள், விரலால் நீவி முடித்தல் வேண்டும். அப்பொழுது எழுந்த புளித்த மணம் எம்மைக் கல்லூரி இரசாயன ஆய்வுகூடத்துக்கே கொண்டு சென்றது. இவ்வகைச் சிலிக்கோன் இறுகும்போது வெளிவிடுவது அசற்றிக்கமிலமே. நீரைத் தடுக்கும் இப்பொருள் இறுகுவதற்குக் காற்றிலுள்ள ஈரம் வேண்டும் என்பது வியப்பன்றோ! மேற்புறம் விரைவிற் காய்ந்தாலும், உள்ளே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் ஆழமே இறுகும். வெயிலில் வைத்தால் விரைவில் முடியும் என்று அயலார் கூறினர். நாம் செவிசாய்க்கவில்லை. மணம் முற்றாய் நீங்கும்வரை ஏழு நாள் காத்திருந்தோம்.

எட்டாம் நாள் தொட்டியின்கீழ்ப் பத்திரிகைத் தாளை விரித்துப் பாதியளவு நீர் வார்த்தோம். மறுநாள் முழுதும் நிரப்பினோம். தாள் நனையவில்லை. மீன்கள் திரும்பின, கிணற்றடியிலே அவை இதற்குள் குஞ்சுகளும் ஈன்றிருந்தன. எந்த விரலால் நீவினீர்கள் என்று மைந்தன் தொலைபேசியிலே வினவினான். தொட்டி நிரம்பி இன்றைக்கு ஏழு மாதமாகின்றது. அந்தத் தாளை எடுப்பதற்கு எம் துணைவியார் இன்னும் இசையவில்லை.