வைத்திருப்பதற்கா, ஓட்டுவதற்கா?

வரி கட்டித்தானே சாலை போட்டார்கள், அதில் ஓடுவதற்கு மறுபடியும் எதற்குக் காசு? சிங்கப்பூருக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் தவறாமல் கேட்பது இது. இங்கே நெடுநாள் வாழ்ந்து பார்த்த என் பதில்: வாங்குவதுதான் நியாயம்.

நெரிசல் நேரத்தில் சாலைக்குள் நுழையும் ஒவ்வொரு வண்டியும் பின்னால் வரும் அத்தனை பேரையும் தாமதப்படுத்துகிறது. பெட்ரோல் செலவு நுழைந்தவருக்கு. தாமதத்தின் செலவு மற்றவர்களுக்கு. அதையும் அவரிடமே வாங்க வேண்டும் என்று பொருளியலாளர் வில்லியம் விக்ரி 1950களிலேயே வாதாடினார். சிங்கப்பூர் 1975இல் செய்து காட்டியது: காலை நெரிசலில் நகர மையத்துக்குள் காரில் நுழைய நாளொன்றுக்கு 3 வெள்ளி. 1998இல் கட்டணத்தைத் தானாக வசூலிக்கும் 'ஈஆர்பி' மின்னணு வளைவுகள் வந்தன. விரைவுச்சாலையில் வேகம் மணிக்கு 45 கிலோமீட்டருக்குக் கீழே போனால் கட்டணத்தை ஏற்றுவார்கள். 65ஐத் தாண்டினால் குறைப்பார்கள்.

செயற்கைக்கோள் வழியே வண்டி இருக்கும் இடத்தை அறியும் கருவியை 2023 நவம்பர் முதல் பொருத்தத் தொடங்கினார்கள். வளைவே இல்லாமல், ஓடிய தூரத்துக்குக் கட்டணம் வாங்க இதனால் முடியும். அரசு அவசரப்படவில்லை. ஆனால் அந்த அடியை எடுத்து வைத்தாக வேண்டும்.

காரணம் 'சிஓஈ'. காரை 10 ஆண்டு வைத்துக்கொள்வதற்கான அந்தச் சான்றிதழ், 2023இல் சிறிய கார்களுக்கே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. இவ்வளவு கொட்டிக் கொடுத்தவர் காரைச் சும்மா நிறுத்தி வைப்பாரா? போட்ட காசுக்கு ஓட்டத்தான் பார்ப்பார். வயதான பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துப்போக மட்டும் கார் கேட்கும் குடும்பமும் அதே விலையைத்தான் கொடுக்கிறது. வைத்திருப்பதன் விலையைக் குறைத்து, நெரிசலில் ஓட்டுவதன் விலையை ஏற்றினால் இந்த அநீதி குறையும். 2025 பிப்ரவரி முதல் சில ஆண்டுகளில் 20,000 வரை கூடுதல் சான்றிதழ்கள் விடப்படும் என்ற அறிவிப்பும் இந்தத் திசையில்தான் போகிறது.

இரண்டு காப்புகள் வேண்டும். வண்டி ஓட்டியே பிழைக்கும் டாக்சி ஓட்டுநரும் சரக்கு ஓட்டுநரும் இந்தப் பாரத்தைத் தனியே சுமக்கக் கூடாது. நாம் எங்கே போனோம் என்ற விவரம், கட்டணக் கணக்கு முடிந்ததும் அழிக்கப்பட வேண்டும். அதைச் சட்டமே சொல்ல வேண்டும். இவ்விரண்டையும் உறுதி செய்துவிட்டு, தூரத்துக்கேற்ற கட்டணத்தை அரசு துணிந்து கொண்டுவரட்டும்.