அமானிதத்துக்கு ஒரு பிரதி

ஒரு மத்ரஸா அலுவலகத்தின் கணனியில் என்னதான் இருக்கின்றது? மாணவர் சேர்வுப் பதிவு, ஹிப்ழ் வகுப்பின் முன்னேற்ற அறிக்கை, பரீட்சைப் புள்ளிகள், வக்பு காணிகளின் உறுதிப் பிரதிகள், ஸகாத் பெறும் குடும்பங்களின் விபரம், அநாதைப் பிள்ளைகளுக்கென வந்த பணத்தின் கணக்கு. இவற்றில் எதுவும் நமது சொந்தச் சொத்தல்ல. அனைத்தும் பிறர் நம்மை நம்பி ஒப்படைத்த அமானிதங்கள்.

அமானிதம் என்றதும் பணத்தையும் நகையையும் நினைப்போரே அதிகம். ஆனால் கடனை எழுதி வைக்குமாறு பணிக்கும் வசனமே (2:282) அல்குர்ஆனின் மிக நீளமான வசனமாகும். எழுத்து அழிந்தால் உரிமையை நிலைநாட்டுவது எத்துணை கடினம் என்பதை நமது சமூகம் அனுபவத்தால் அறியும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் சகோதரர்களில் பலர் காணி உறுதியைக்கூட எடுத்துவர முடியாமல் புத்தளம் வந்து சேர்ந்தார்கள். 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கியபோது மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கிண்ணியாவிலும் வீடுகளோடு பத்திரங்களும் போயின.

பிரதி எடுத்துப் பாதுகாப்பது நமக்குப் புதிதன்று. யமாமா யுத்தத்தில் ஹாபிழ்கள் பலர் ஷஹீதானபோது, உமர் (ரழி) அவர்களின் ஆலோசனைப்படி அபூபக்ர் (ரழி) அவர்கள் அல்குர்ஆனை ஒன்றுதிரட்டும் பணியை ஸைத் இப்னு ஸாபித் (ரழி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். பின்னர் உஸ்மான் (ரழி) அவர்கள் பிரதிகள் எழுதச் செய்து கூபா, பஸரா, ஷாம் போன்ற இடங்களுக்கு அனுப்பினார்கள். ஓதலில் பிணக்கு எழாதிருக்கவே அது செய்யப்பட்டது. ஆயினும் ஒரே இடத்தில் ஒரே பிரதி என்ற நிலையும் அத்தோடு நீங்கிற்று.

இன்று நம்மில் பலர் 'பென் டிரைவில் பிரதி இருக்கிறது' என்பார்கள். அந்தப் பென் டிரைவோ கணனி இருக்கும் மேசையின் லாச்சிக்குள்ளேயே கிடக்கும். வெள்ளமும் தீயும் கள்வனும் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோவர். ஆகவே ஒரு பிரதியேனும் ஊருக்கு வெளியே, வாடகைக்குப் பெறும் தொலைதூரச் சேவையகமொன்றில் இருப்பது அவசியம்.

'அவ்வளவையும் தினமும் அனுப்ப இணையம் தாங்குமா?' என்று கேட்கலாம். 40 ஜிகாபைட்டை விநாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் அனுப்பச் சுமார் 18 மணித்தியாலங்கள் செல்லும். ஆனால் அது முதற்தடவை மட்டுமே. 1996 இல் அவுஸ்திரேலியாவில் உருவான 'ஆர்சிங்க்' என்ற இலவச மென்பொருள் கோப்பைத் துண்டுகளாகப் பிரித்து ஒப்பிட்டு, மாறிய பகுதியை மாத்திரமே அனுப்பும். அன்றைய வரவுப் பதிவும் கணக்கும் சில நிமிடங்களில் போய்விடும்.

அடுத்தது இரகசியம். ஸகாத் பெறும் விதவைத் தாயின் பெயரை அந்நியர் ஒருவர் வாசித்தால் அந்தத் தாயின் மானம் என்னாவது? 1995 இல் பின்லாந்தில் உருவான 'எஸ்எஸ்எச்' முறை, வழியில் எவரும் ஒட்டுக்கேட்காமல் காக்கும். எனினும் போய்ச் சேர்ந்த இடத்தில் கோப்பு திறந்தே கிடக்கும்; சேவையகத்தை நடத்துபவர் விரும்பினால் வாசிக்கலாம். எனவே இத்தகைய பட்டியல்களை நமது கணனியிலேயே பூட்டிய பின்னரே அனுப்ப வேண்டும். 'ரெஸ்டிக்' என்ற இலவச மென்பொருள் அவ்வாறே செய்கின்றது. அதுவும் புதிய பகுதிகளை மட்டுமே அனுப்பும். முந்திய நாட்களின் பிரதிகளையும் வைத்திருக்கும்.

பழைய பிரதிகள் ஏன் வேண்டும்? இங்கே ஒரு கோப்பு தவறுதலாக அழிந்தால், அங்கும் உடனே அழிக்கும் ஏற்பாட்டினால் பயனில்லை. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் புகுந்தாலும் இதே கதிதான். ஆதலால் நமது கணனிக்குப் புதியதைச் சேர்க்கும் அனுமதியை மட்டும் கொடுத்து, பழையதை அழிக்கும் அனுமதியைக் கொடாதிருப்பதே பாதுகாப்பு.

பூட்டிய கோப்பின் கடவுச்சொல் மறந்தால் மென்பொருளை எழுதியவராலும் திறக்க முடியாது. அதனைக் காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, நம்பிக்கையான இருவரிடம் வெவ்வேறு வீடுகளில் வைக்க வேண்டும். பொறுப்பாளர் மௌத்தானாலும் அமானிதம் உரியவர்களைச் சென்றடைய வேண்டுமல்லவா?

இறுதியாக, பிரதியைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ரமழானிலும் ஜிப்ரீல் (அலை) அவர்களுடன் நபி (ஸல்) அவர்கள் அல்குர்ஆனை மீட்டி ஓதினார்கள். வபாத்தான ஆண்டில் இருமுறை ஓதினார்கள். மனனமிட்டதை மீட்டாத மாணவனின் நிலை ஆசிரியர்களுக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கொரு முறை, வேறொரு கணனியில் சில கோப்புகளை மீளப்பெற்றுத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பிரதி.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஜனாஸா நலன்புரிச் சங்கங்களும் இதனைச் சிந்திக்க வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்குமாறு கற்றுத்தந்த மார்க்கம் நமது மார்க்கம். அநாதையின் கணக்கையும் ஏழையின் மானத்தையும் பேணிக் காக்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக.