நான்காம் படி

பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் மேசையாட்டம் 1974-ம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. டோல்கீன் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் 1937-ல் வெளியிட்ட கதையில் வரும் ஹாபிட் என்னும் குள்ளர் கூட்டத்தாரையும் அதிற் சேர்த்தனர். பின்னர் அவர்க்கு ‘ஹாஃப்லிங்’ என்று பெயர் மாறிற்று. அவர்கள் குறி தவறாது எறிவர். மந்திரத்துக்கும் எளிதில் மசியார். ஆயினும் வீரர் வரிசையில் நான்காம் படிக்குமேல் ஏறலாகாது என்பது விதி! மனிதருக்கோ வரம்பில்லை. திறமை இருந்தும் பிறப்பே தடை.

கிராணி துரையாக முடியாதிருந்த காலத்தை முன்னோர் வாயிலாகக் கேட்டு, இன்று தோட்டக் கணக்கெழுதும் நமக்கு இவ்விதி புதிதன்று. அன்பர்களே, 2000-ம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு அத்தடையை நீக்கிற்று. ஆட்டம் கெட்டுவிடவில்லை, குள்ளர் நெடியராகிவிடவும் இல்லை. படி மட்டுமே திறந்தது. மனிதர் வகுத்த விதியை மனிதரே மாற்றலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?