யார் சமைச்சது?

காற்றாலை நமக்குப் புதிதில்லை. முப்பந்தலில் பார்த்திருக்கிறோம். கடலுக்குள் தூண் நட்டு மின்சாரம் எடுப்பது வேறு சங்கதி. 1991ல் டென்மார்க்கில் விண்டபி என்ற இடத்தில் 11 காற்றாலைகளோடு அது தொடங்கியது. 2022ல் இங்கிலாந்தின் யார்க்ஷயர் கரைக்கு 89 கிலோமீட்டர் அப்பால் ஹார்ன்சீ இரண்டு என்கிற தளம் முழுசாக ஓட ஆரம்பித்தபோது அதில் 165 காற்றாலைகள். இதையெல்லாம் எழுதுகிறவர்கள் மெகாவாட் கணக்கு எழுதுகிறார்கள். கரையே தெரியாத அந்த இடத்தில் வேலை செய்கிறவனுக்கு யார் சோறு போட்டது என்ற கணக்கை யாரும் எழுதுவதில்லை. நான் எழுதலாம். வடகடலில் அதுமாதிரியான தளங்களில் ஏழு வருஷம் கேம்ப் பாஸாக இருந்தேன். சமையல், பரிமாறல், அறை சுத்தம், துணி வெளுப்பு எல்லாவற்றுக்கும் பொறுப்பாளி.

கப்பல் சமையலறைக்கு கேலி என்று பெயர். நம்ம பாஷையில் அதற்கு என்ன அர்த்தம் என்பது அங்கே எனக்கு மட்டும் தெரிந்த வேடிக்கை.

எங்க அப்பா ஊர்க் கல்யாணங்களுக்குக் கோட்டை அடுப்பு வெட்டுவார். விறகு பிளந்து அடுக்குவார். அண்டா ஏறியதும் விலகிப் போய்விடவேண்டும். பந்தி முடிந்த பிறகு எங்க அம்மா எச்சில் இலை எடுக்கும். மிஞ்சினது கூடையில் வரும். அடுப்புக்கும் எச்சிலுக்கும் நாம் வேண்டும், நடுவில் இருக்கிற சோற்றுக்குத்தான் வேண்டாம். இதைச் சொல்லாமல் 90 பேர் சாப்பிடுகிற சமையலறையை நடத்தினேன் என்று சொன்னால் வெறும் வெளிநாட்டுப் பெருமையாகப் போய்விடும்.

அங்கே வேலை ராப்பகலாக நடக்கும். 12 மணி நேர ஷிப்ட். அதனால் நாலு வேளை சமையல், நாலாவது வேளை நடுராத்திரியில். ராத்திரி ஷிப்டுக்காரனுக்குக் காலையில் வேலை முடியும்போது ஆறின மிச்சத்தைப் போட்டால் அவனுக்குத் தெரிந்துவிடும், தன்னை இரண்டாம் ஆளாக நடத்துகிறார்கள் என்று. எனக்கு அந்த வலி தெரியும் என்பதால் நடுராத்திரிச் சாப்பாட்டை எப்போதும் புதிதாகவே வைக்கச் சொன்னேன். காற்றாலைக்குள் ஏறிப் போகிறவர்கள் மத்தியானம் திரும்ப முடியாது. விடியுமுன்னே அவர்களுக்குப் பொட்டலம் கட்டவேண்டும். அலை உயர்ந்து வேலை நின்றுபோன நாளில்தான் எங்களுக்கு வேலை அதிகம். அத்தனை பேரும் கப்பலிலேயே உட்கார்ந்துகொண்டு தின்பார்கள், குறையும் சொல்வார்கள். சாராயம் கிடையாது, குடும்பம் கிடையாது, சாப்பாடு ஒன்றுதான் அன்றைக்குச் சந்தோஷம். கப்பல் ஆடும்போது பாத்திரம் சரியாமலிருக்க அடுப்பைச் சுற்றி இரும்புச் சட்டம் இருக்கும். மேசையில் ஈரத் துணி விரித்துத்தான் தட்டு வைப்போம்.

அந்தச் சமையலறையில் தீட்டு மாதிரியே ஒன்று உண்டு. பச்சைக் கறி நறுக்கச் சிவப்புப் பலகை, மீனுக்கு நீலம், பழத்துக்கும் சாலட்டுக்கும் பச்சை, வெந்த கறிக்கு மஞ்சள். ஒன்றில் நறுக்கினதை இன்னொன்றில் வைக்கக்கூடாது. ஆனால் ஏன் கூடாது என்று கேட்டால் பதில் இருக்கிறது. கிருமி. கறியின் நடுவில் ஊசி குத்திப் பார்த்து 75 டிகிரி வந்தால் வெந்தது என்று அர்த்தம். சூடாக வைப்பது 63க்கு மேலே இருக்கணும், குளிர்பெட்டி 5க்குக் கீழே. யார் வேண்டுமானாலும் ஊசியைக் குத்திப் பார்த்துக்கொள்ளலாம். நம்ம ஊர்த் தீட்டுக்கு எந்த வெப்பமானி வைத்துப் பார்ப்பது?

ஒரு தடவை நம்ம பக்கத்து இன்ஜினியர் ஒருவர் வந்து சேர்ந்தார். சைவம். முதல் நாளே சமையலறை வாசலில் வந்து நின்றார். தமிழ் கேட்ட சந்தோஷம் எனக்கு.

"தம்பி எந்த ஊரு?"

"திண்டிவனம் பக்கம் சார்."

"பக்கம்னா?"

ஊர்ப் பேரைச் சொன்னேன்.

"ஊர்ல எந்தத் தெரு?"

"அம்பேத்கர் நகர் சார்."

மேற்கொண்டு அவர் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் கேப்டனுக்குக் கடிதம் போயிற்று. மத வழக்கப்படி தன் உணவைச் சைவம் சாப்பிடுகிற ஆள்தான் சமைக்கவேண்டுமாம். கேப்டன் டென்மார்க்காரர். என்னைக் கூப்பிட்டு, "இவருக்கு ஏதாவது ஒவ்வாமையா?" என்று கேட்டார். ஐரோப்பியச் சட்டத்தில் ஒவ்வாமைப் பொருள்கள் 14. நிலக்கடலை, எள், கடுகு, மீன் என்று பட்டியல் சுவரில் ஒட்டியிருக்கும். பதினைந்தாவது நான்தான் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

சொன்னேன். அரைமணி நேரம் ஆயிற்று. கடல் தொழிலாளர் ஒப்பந்தத்தையும் எடுத்துக் காட்டினேன். 2006ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்தது, 2013ல் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 2015ல் ஏற்றுக்கொண்டது. கடலோடிக்குச் சாப்பாடு இலவசம், அவன் மதத்தையும் பண்பாட்டு வழக்கத்தையும் மதித்துப் போடவேண்டும் என்று அதில் இருக்கிறது. நல்ல சட்டம். முஸ்லிம் தொழிலாளிக்கு ஹலால் கறி தனியே வாங்கியது அதை வைத்துத்தான். தட்டில் என்ன இருக்கவேண்டும் என்று அது பேசுகிறது. சமைக்கிற கை எந்தத் தெருவில் பிறந்திருக்கவேண்டும் என்று பேசவில்லை. தனிப் பலகை, தனி எண்ணெய், தனிச் சட்டி எல்லாம் தருகிறேன், அதற்கு மேலே என்ன வேண்டும் என்று அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள் என்றேன். அந்த வார்த்தையை அவர் எழுதவில்லை. இங்கிலீஷில் அதை எழுதினால் அசிங்கம் என்று அவருக்கே தெரியும்.

மிச்சமிருந்த 18 நாளும் ரொட்டி, தயிர், வாழைப்பழம் என்றே ஓட்டினார். ராத்திரியில் ரொட்டிக்கு மாவு பிசைவது யார் என்று கேட்டிருந்தால் அதையும் விட்டிருப்பார். பேக்கருக்கு லீவு கொடுத்த நாளில் நான்தான்.

இவரைத் தனி மனிதர் என்று ஒதுக்க முடியவில்லை. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக்கூடாது என்று சாதி இந்துப் பெற்றோர்கள் மறித்தார்கள். அதிகாரிகள் அந்தப் பெண்ணைத்தான் இடம் மாற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகே உத்தரவு ரத்தாகி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவாயிற்று. செய்தியைச் சரக்கறையில் உட்கார்ந்து போனில் படித்தேன். எனக்கு ஒரு டென்மார்க்காரக் கேப்டன் கிடைத்தார். அந்த அம்மாவுக்குக் கிடைத்தது வட்டார அலுவலகம்.

கப்பலில் எனக்குப் பிடித்தது சாப்பிட்ட தட்டை அவனவனே வழித்துப் போடுவது. கேப்டனும் அப்படித்தான். வடகடலில் சாப்பாட்டு மிச்சத்தை அப்படியே கொட்ட முடியாது. 25 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்குகிற அளவுக்கு மெஷினில் அரைத்து, கரையிலிருந்து 12 கடல் மைல் தாண்டித்தான் விடணும். அம்மாவிடம் சொன்னபோது நம்பவில்லை. "எச்ச எலைக்கு மிசினாடா?" என்றது.

அங்கே எல்லாம் சமம் என்று யாராவது நினைத்தால் அதுவும் பொய். சமையல், சுத்தம் செய்கிற நாங்கள் ஒப்பந்தக்காரர் ஆட்கள். பிலிப்பைன்ஸ்காரர்கள் ஐந்து பேர், நாங்கள் இந்தியர்கள் மூன்று பேர். கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில் இரண்டிரண்டு பேர். மற்றவர்கள் நாலு வாரம் வேலை, நாலு வாரம் வீடு என்று சம்பளத்தோடு போய்வருவார்கள். எங்களுக்கு வீட்டிலிருக்கிற நாளுக்குச் சம்பளம் கிடையாது. பிரிட்டன் தன் கரையோரக் கடலில் காற்றாலை வேலைக்கு வெளிநாட்டு ஆட்களை வழக்கமான விசா விதிகளுக்கு வெளியே எடுக்க 2017ல் ஒரு சலுகை கொடுத்தது. 2023 ஏப்ரல் 30ஓடு அது முடிந்தது. எங்களில் நாலு பேருக்கு அடுத்த ஒப்பந்தம் வரவில்லை. மேலே இருந்தவர்களுக்கு விசா வாங்கிக் கொடுக்கக் கம்பெனி இருந்தது.

அதற்கு முன்னால் ஒரு தளம் கட்டி முடித்து மின்சாரம் கரைக்குப் போனபோது துறைமுகத்தில் விழா நடந்தது. கப்பலிலிருந்து பாதிப் பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு போனார்கள். கேக்கை நாங்கள் சுட்டு அனுப்பினோம். கப்பலில் இருந்தவர்களுக்கு அன்றைக்கும் நாலு வேளை.